லயத்திலிருந்து ஜெனீவாவுக்கு: மலையகத்தில் சுற்றாடல் சட்ட வேலை தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்து ஓடையில் களைநாசினி கலக்கிறது, மேலே காட்டை வெட்டி ஹோட்டல் கட்டுகிறார்கள், சுரங்கம் தோண்டிய பிறகு கிணறு வற்றிப்போனது. இப்படி ஏதாவது ஒன்றுக்காக ஊரில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் "இதை ஐ.நா.வுக்குக் கொண்டுபோகணும்" என்பார். தாராளமாகக் கொண்டுபோகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, பெரிய அமைப்பும் வேண்டாம். ஆனால் எந்தக் கதவை எப்போது தட்டுவது, தட்டும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று தமிழில் சொல்லித்தர ஆளில்லை. ஹட்டன் பக்கம் நாங்கள் சிலர், இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒரு சட்ட மாணவி, ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை, அலுவலகம் அலுவலகமாக அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இலாப நோக்கமில்லாமல் இந்த வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்காக எழுதுவது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, பொறுமையாகக் கோப்பு கட்டத் தெரிந்தால் போதும்.

1. முதலில் ஒரு சம்பவக் கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். மருந்தடிப்பில் யாருக்காவது பாதிப்பு வந்தால் அன்றைக்கே எழுதுங்கள்: திகதி, நேரம், எத்தனையாம் நம்பர் மலை, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது மருந்து பட்டது, கையுறையும் முகக்கவசமும் கொடுத்திருந்தார்களா, காற்று அடித்ததா மழை பெய்ததா, கூட இருந்த வேறு யாருக்கும் ஏதும் ஆனதா, எத்தனை மணித்தியாலத்தில் என்ன அறிகுறி வந்தது, எங்கே வைத்தியம் பார்த்தது. மருந்துக் கலனின் லேபலைச் சுற்றிவரப் படம் எடுங்கள். கடையில் சொல்லும் பெயர் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் இரசாயனத்தின் பெயரும், ஒரு லீட்டருக்கு எத்தனை கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அந்தக் கணக்கும் கட்டாயம் வேண்டும். மூடியால் அளந்து கலக்கினார்களா, கண்ணளவில் ஊற்றினார்களா, தொட்டியைக் கழுவிய தண்ணீர் எந்தப் பீலிக்குப் போனது என்பதையும் விடாதீர்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், ஆபத்தான இரசாயனங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய ரொட்டர்டாம் சமவாயத்தின் 6ஆம் உறுப்புரைக்கான சம்பவப் படிவம் கேட்பது ஏறக்குறைய இவற்றைத்தான். ஆபத்தான பீடைகொல்லி ஒன்று தன் நாட்டு நிலைமையில் மக்களைப் பாதிக்கிறது என்று ஒரு வளர்முக நாடு முறையிட்டு, அதை உலகப் பட்டியலில் சேர்க்கக் கேட்க அந்த உறுப்புரை இடம் தருகிறது. ஆபிரிக்காவில் சாட் நாடு இப்படித்தான் ஃபென்தியன் என்ற பீடைகொல்லியின் தயாரிப்பு ஒன்றைப் பற்றி முறையிட்டது. சமவாய நாடுகளின் 2015 மாநாட்டில் பேசப்பட்ட விஷயம், எல்லா நாடுகளின் ஒருமித்த சம்மதம் கிடைக்காமல் இழுபட்டு 2025இல்தான் பட்டியலில் ஏறியது. புர்கினா பாசோ நாடு கொண்டுவந்த பரகுவாட் களைநாசினி இன்னமும் ஏறவில்லை. பட்டியலில் ஏறினால் தடை என்று அர்த்தமில்லை, அந்த மருந்தை ஏற்றுமதி செய்யும்முன் வாங்கும் நாட்டின் சம்மதம் வேண்டும் என்பதுதான். ஆனாலும் அடிப்படை ஆதாரம், தோட்டத்திலும் வயலிலும் யாரோ எழுதிவைத்த குறிப்பு.

இலங்கையில் அந்த முன்மொழிவைச் செய்யக்கூடியவர் பீடைகொல்லிப் பதிவாளர். அலுவலகம் பேராதனை கெட்டம்பேயில், ஆகவே கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஒவ்வொரு சம்பவக் குறிப்பிலும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அங்கே அனுப்பிவிடுங்கள்.

இதில் மூன்று இடங்களில் ஆதாரம் கைநழுவும். முதலாவது வைத்தியசாலை அட்டை. வாந்தி, தலைச்சுற்று, காய்ச்சல் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள், மருந்து பட்ட விஷயம் எங்குமே இருக்காது. நோயாளியோடு போகிறவர் லேபல் படத்தைக் காட்டி, "டொக்டர், காலையில் இந்த மருந்து அடிச்சுக்கொண்டிருந்தவ, அதையும் எழுதிவிடுங்களேன்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் எழுதுவார்கள். பிறகு போய்க் கேட்டால் மாற்றவே மாட்டார்கள். இரண்டாவது கைபேசிப் படம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும், மூலப்படத்தை எடுத்த கைபேசியிலேயே வைத்து இன்னொரு பிரதியை மெமரி கார்டில் போடுங்கள். மூன்றாவது தண்ணீர் மாதிரி. நீங்களே சோடாப் போத்தலில் பிடித்துக் கொடுத்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை ஒரு கேள்வியில் வீழ்த்திவிடுவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எழுத்தில் கேட்டு, அவர் கையால் எடுத்து முத்திரையிடச் செய்யுங்கள்.

2. தகவல் கேட்டு விண்ணப்பம் போடுங்கள்

தோட்டக் கந்தோரில் துரையிடம் ஆவணம் கேட்டுப் பயனில்லை. தொழிற்சாலைக்கு உரிமம் கொடுத்த அரச அலுவலகத்திடம் கேளுங்கள், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அவர்கள் தர வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதிகளுக்குப் பக்கத்துக்குச் சிறு தொகை மட்டும். இலங்கைப் பிரஜை என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாத அம்மா வாயால் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி வரும், அதோடு முடிந்தது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தொழிற்சாலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதி, அதன் நிபந்தனைகள், காலாவதித் திகதி, கடைசியாக நடந்த கள ஆய்வின் அறிக்கை, எங்கள் முறைப்பாட்டுக் கோப்பில் உள்ள உள்ளகக் குறிப்புகள்.

காலக்கணக்கு இப்படி. தருவதா இல்லையா என்று தீர்மானிக்க 14 வேலை நாள். தீர்மானித்த பிறகு கொடுக்க 14 நாள், தேவைப்பட்டால் இன்னும் 21 நாள் நீட்டலாம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், அவருக்கு மூன்று வாரம். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. எல்லாப் படியும் ஏறினால் அரை வருடம் ஓடிவிடும், அதனால் முறைப்பாட்டோடு சேர்த்து முதல் வாரமே போட்டுவிடுங்கள். உயிருடனோ தனிமனித சுதந்திரத்துடனோ தொடர்புடைய தகவலை 48 மணித்தியாலத்தில் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது, குடிநீர் விஷயம் என்றால் அதைக் குறிப்பிட்டு ஒரு வரி சேருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நட்டமில்லை.

தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் பதில் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள், மேன்முறையீட்டு நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

புதிய திட்டம் என்றால் இன்னொரு கடிகாரமும் உண்டு. ஒரு ஹெக்டேயருக்கு மேல் காடு அழிப்பது, 50 மெகாவோட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டம், 99 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல் போன்றவை தேசிய சுற்றாடல் சட்டத்தின் அனுமதி நடைமுறைக்குள் வரும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். அறிவித்தல் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரும், ஆனால் நம்மில் யார் பார்க்கிறோம்? குழுவில் ஒருவருக்கு இதை மட்டும் வேலையாகக் கொடுங்கள். சிறிய நீர்மின் திட்டங்கள் இந்த அளவுக்குக் கீழே நழுவிவிடும். ஒதுக்கக் காட்டுக்குள் வந்தால் அளவு வரம்பு பொருந்தாது என்பதால் திட்டத்தின் எல்லை வரைபடத்தைக் கேட்டு வாங்குவது முக்கியம்.

3. உள்ளூர் முறைப்பாடு, அதோடு ஒரு மாதக் கெடு

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகம், பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, மூன்றுக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்று முத்திரையும் திகதியும் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். தொல்லை தொடர்கிறது என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அதை அகற்ற உத்தரவிடலாம். ஓடையில் கழிவு விடுவது, குப்பை கொட்டுவது போன்றவற்றுக்கு இது விரைவான வழி, பலருக்கு நினைவுக்கே வருவதில்லை.

அடுத்தது அடிப்படை உரிமை. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் வேண்டாம்.

நம் பக்கத்தில் இந்த ஒரு மாதம் எப்படிப் போகும் தெரியுமா? முறைப்பாடு போனதும் தோட்டத்தில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். தலைவர் வருவார், தேத்தண்ணி வரும், "திருவிழா முடியட்டும், ஒரு முடிவு எடுப்போம்" என்பார்கள். பேசுங்கள், பேசுவதில் தப்பில்லை. ஆனால் ஆணைக்குழுவுக்கான கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் பேசப் போங்கள்.

இன்னொரு பொறி: அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போகும். தோட்டத்தை நடத்துவது தனியார் கம்பனி. ஆகவே கம்பனியை மட்டும் எதிர்த்தரப்பாகப் போட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். உரிமம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட அதிகார சபையும் உள்ளூராட்சி நிறுவனமும் முதலில் வர வேண்டும். அவர்களுடைய அசட்டையைக் காட்டத்தான் முத்திரை வைத்த பிரதிகள்.

4. சட்டத்தரணியிடம் போகும்போது

வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும், நீதிமன்றங்களை அண்டி நிலையங்கள் உண்டு. சுற்றாடல் வழக்குகளையே வேலையாகச் செய்யும் இலாப நோக்கற்ற அமைப்புகள் கொழும்பில் இருக்கின்றன: 1981இல் தொடங்கிய என்வைரன்மென்டல் ஃபவுண்டேஷன், 2004இல் தொடங்கிய சுற்றாடல் நீதி மையம். உதவி கேட்கும்போது ஐம்பது பக்கத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். திகதி வரிசையில் இரண்டு பக்கச் சுருக்கம், பின்னிணைப்பில் எண்ணிட்ட பிரதிகள், அவ்வளவுதான்.

உங்கள் சட்டத்தரணிக்குச் சுற்றாடல் பழக்கமில்லை என்றால் இரண்டு தீர்ப்புகளைத் தேடி எடுத்துக்கொடுங்கள். எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் சுற்றாடல் பற்றிய ஐ.நா. மாநாடுகளின் 1972 ஸ்டொக்ஹோம் பிரகடனத்தையும் 1992 ரியோ பிரகடனத்தையும் எடுத்துப் பேசியது. சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கில் 2019இல் மின்னுற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது, மாசு செய்தவனே செலவைக் கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டின்படி. நம் அரசியலமைப்பில் தூய சுற்றாடல் உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை, 27(14)ஆம் உறுப்புரை அரசின் கொள்கை வழிகாட்டல்தான், அதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. அதனால் இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் 12(1), சட்டத்தின் சமமான பாதுகாப்பு, என்ற வழியாகத்தான் போகின்றன. சர்வதேசக் கோட்பாடுகளை உள்ளூர்த் தீர்ப்பில் ஏற்றிவிடுவதைவிட அவற்றை வலுப்படுத்தும் வேலை வேறில்லை என்பது என் எண்ணம். ஜெனீவாவில் வாசிக்கும் அறிக்கையை நாளைக்கு மறந்துவிடுவார்கள், தீர்ப்பை அடுத்த வழக்கில் எடுத்துக் காட்டுவார்கள்.

5. வெளிக்கதவுகள்: எது உங்களுக்கு?

ஐ.நா. விசேட அறிக்கையாளர்கள். எங்கள் அனுபவத்தில் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். தூய, ஆரோக்கியமான சுற்றாடல் உரிமைக்கு ஒருவர், நச்சுப் பொருட்களும் மனித உரிமைகளும் என்பதற்கு இன்னொருவர் இருக்கிறார்கள். ஒரே கடிதத்தை இருவருக்கும் போடலாம். யாரும் எழுதலாம், பதிவு பெற்ற சங்கம் வேண்டாம், உள்நாட்டு வழக்குகள் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அவர்கள் எடுத்துக்கொண்டால் அரசாங்கத்துக்குக் கடிதம் அனுப்புவார்கள், கம்பனிக்கும் அனுப்பலாம். வழக்கமாக 60 நாள் அவகாசம், அதன் பிறகு கடிதமும் பதிலும் பகிரங்கமாகும். பதிலே வராவிட்டாலும் அந்தக் கடிதம் உங்கள் வழக்கில் இணைக்கத்தக்க ஆவணம். சுற்றாடல் உரிமையை ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலை 28இல் அங்கீகரித்திருக்கிறது, கடிதத்தின் முதல் பந்தியிலேயே அதைச் சொல்லுங்கள்.

ஐ.நா. மனித உரிமைகள் குழு. குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இலங்கை 1997இல் சேர்ந்தது. தனிநபர் முறைப்பாடு போகலாம், ஆனால் உள்நாட்டு வழிகள் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும், முடிவுக்கு வருடக்கணக்காகும். 2006இல் சிங்கராசா வழக்கில் நமது உயர் நீதிமன்றமே அந்த இணைவுக்கு உள்நாட்டில் சட்டவலு இல்லை என்று சொல்லிவிட்டது. தொடக்கக்காரர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வங்கிகள். திட்டத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். உலக வங்கிக்குப் பரிசோதனைக் குழு, ஆசிய அபிவிருத்தி வங்கிக்குப் பொறுப்புக்கூறல் பொறிமுறை. பாதிக்கப்பட்ட இரண்டு பேர் இருந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம், பெயரை இரகசியமாக வைக்கக் கேட்கலாம். அதற்குமுன் வங்கியின் திட்ட அதிகாரிகளோடு பேசிப்பார்த்ததற்கான கடிதங்கள் இருக்க வேண்டும். மேல் கொத்மலைக்கு ஜப்பானியக் கடன், பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடிப்பு விட்ட உமா ஓயாவுக்குத் தொடக்கத்தில் ஈரானியப் பணம். ஆக, வீதியோரப் பெயர்ப்பலகையில் கடன் கொடுத்தவர் பெயரை வாசிக்காமல் இந்தக் கதவுக்குப் போகாதீர்கள்.

யுனெஸ்கோ. சிவனொளிபாதமலை வனம், ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அந்த எல்லைக்குப் பக்கத்தில் திட்டம் வருகிறது என்றால் பாரிஸில் உள்ள உலக மரபுரிமை மையத்துக்கு எவரும் எழுதலாம், அவர்கள் அரசாங்கத்திடம் விளக்கம் கேட்பார்கள். வரைபடம் இல்லாமல் எழுதினால் வேலை நடக்காது.

தட்டக் கூடாத கதவுகளையும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சுற்றாடல் தகவலுக்கும் நீதிக்கும் உரிமை தரும் ஆர்ஹஸ் சமவாயத்தில் இலங்கை இல்லை. ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலச் சமவாயத்தின் பட்டியலிலுள்ள ஈரநிலம் எதுவும் மலைநாட்டில் இல்லை. ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு அரசுகள்தான் வழக்குக் கொண்டுபோக முடியும். ஆனால் காலநிலை பற்றி 2025 ஜூலை 23இல் அது சொன்ன ஆலோசனைக் கருத்தை உங்கள் மனுவில் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

6. கடிதமும் சம்மதமும்

ஐ.நா. அறிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். யாருக்கு, எப்போது, எங்கே, யாரால், அரசிடம் எப்போது சொன்னோம், என்ன பதில். இந்த வரிசையில் மூன்று நாலு பக்கம். "மலையக மக்கள் இருநூறு வருடமாக" என்று தொடங்கும் பந்தியை எடுத்துவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் வாசிக்கிறவருக்கு வேண்டியது போன மாதம் நடந்தது.

பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைத் தமிழில், கையொப்பத்தோடு வாங்குங்கள். அரசாங்கத்துக்குப் பெயர் போகலாமா, பகிரங்கமாகலாமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வேலையும் அங்கேதான், மகனுக்கு வேலை கேட்டு நாளைக்கு அதே கந்தோருக்குப் போக வேண்டும். அவர்கள் யோசித்து, "வேண்டாம் தம்பி" என்றால் விட்டுவிடுங்கள், பெயரில்லாமல் எழுத வழி இருக்கிறது.

7. செலவு

வெளிக்கதவுகள் எதற்கும் கட்டணம் இல்லை. பணம் கரைவது போட்டோகொப்பி, பதிவுத் தபால், கொழும்புப் பயணம், எல்லாவற்றுக்கும் மேலாக சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு. அவர்கள் பக்கக் கணக்கில் வாங்குவார்கள், ஆகவே நீதிமன்றம் போகும் ஆவணங்களுக்கு மட்டும் அவரிடம் போங்கள், ஐ.நா. கடிதத்துக்கு ஆங்கில ஆசிரியர் ஒருவர் போதும். சத்தியக்கடதாசிக்கு ஊரிலுள்ள சமாதான நீதவான் கையொப்பமிடுவார்.

8. சங்கமாகப் பதிவது எப்போது?

அவசரப்படாதீர்கள். தகவல் விண்ணப்பம், மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடு, ஐ.நா. கடிதம் எதற்கும் பதிவு வேண்டாம். வெளியிலிருந்து பணம் வாங்கவோ அமைப்பின் பெயரில் வழக்குப் போடவோ நினைக்கும்போதுதான் தேவை வரும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியலாம், அல்லது 2007 கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். இரண்டாவதில் வருடாந்தக் கணக்கு, செயலாளர் என்று நிரந்தரச் செலவு வரும். யாப்பில் "சமூக சேவை" என்று பொதுவாக எழுதாமல், சுற்றாடல் தொடர்பான சட்ட நடவடிக்கை என்று நோக்கத்தில் வெளிப்படையாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வழக்குப் போடும்போது உங்களுக்கு என்ன அதிகாரம் என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

ஐ.நா. கூட்டங்களில் அமைப்பின் பெயரில் உட்கார வேண்டும் என்றால் பொருளாதார சமூக சபையின் ஆலோசனை அந்தஸ்து வேண்டும். அமைப்பு தொடங்கிக் குறைந்தது இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பக் கடைசி நாள் ஒவ்வொரு வருடமும் ஜூன் 1, கட்டணம் இல்லை. யாப்பு, பதிவுச் சான்று, கணக்கறிக்கை எல்லாம் கேட்பார்கள். அந்தஸ்து கிடைத்த பிறகும் நாலு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் இடைநிறுத்திவிடுவார்கள். ஆகவே முதல் கூட்டத்திலிருந்தே கூட்டக்குறிப்பையும் வரவு செலவையும் எழுத ஒருவரை நியமியுங்கள். எங்களில் அதைக் கணக்கப்பிள்ளை ஐயாதான் பார்க்கிறார், பஸ் டிக்கெட்டைக்கூட ஒட்டிவைத்திருக்கிறார்.